கிளிசரின் இல்லாம அழுதா அது யதார்த்த நடிப்பா? மேடையில் 'மோதல்' எப்படிப் பிறக்கிறது? நாடக மாணவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"அந்த சீன்ல கிளிசரினே போடலைங்க. நிஜமாவே அழுதாங்க!"

ஒரு நடிகரையோ நடிகையையோ பாராட்ட வேண்டும் என்றால் சினிமா பேட்டிகளில் அடிக்கடி வந்து விழும் வாசகம் இது. அடுத்தது, "கேரக்டராவே வாழ்ந்துட்டார்". படத்துக்காக உடல் எடையை ஏற்றி இறக்கினால் 'மெத்தட் ஆக்டிங்' என்ற பட்டமும் கூடவே வந்துவிடும். 'ஐ' படத்துக்காக விக்ரம் உடம்பை உருக்கியதும், 1980இல் வெளியான 'ரேஜிங் புல்' படத்துக்காக ராபர்ட் டி நீரோ சுமார் 27 கிலோ எடை கூட்டியதும் இன்றுவரை பேசப்படுகிறது.

அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாடகப் பயிற்சிக்கு முதன்முதலாக வரும் மாணவர்கள் பலர், நடிப்பு என்றாலே இதுதான் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். சோகக் காட்சி கொடுத்தால் முகத்தைச் சுருக்கி, மூச்சை இழுத்து, கண்ணீரை வரவழைக்கப் போராடுகிறார்கள். சிலருக்குக் கண்ணீர் வந்தும் விடுகிறது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஏன்?

யதார்த்த நடிப்பை ஒரு முறையாக உருவாக்கியவர்கள் கண்ணீரிலிருந்து தொடங்கவில்லை. அவர்கள் முதலில் கேட்ட கேள்வி இது: எதிரே நிற்பவரிடமிருந்து இந்தக் கதாபாத்திரத்துக்கு இப்போது என்ன வேண்டும்? அது ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது?

நடிப்பும் நாடகமும் சந்திக்கிற இடம் இந்தக் கேள்விதான். முதல் பாதியை 'நோக்கம்' என்கிறார்கள். இரண்டாவது பாதியிலிருந்து பிறப்பது 'மோதல்'. இரண்டையும் உதாரணங்களோடு பார்க்கலாம்.

சுவரை எடுத்துவிட்டால்...

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய நடிகர்கள் மேடையின் முன்விளிம்புக்கு வந்து, பார்வையாளர்களைப் பார்த்து, குரலை உயர்த்தி வசனம் பேசினார்கள். எதிரே நிற்கும் சக நடிகர் கிட்டத்தட்ட ஒரு தூண் மாதிரிதான். நம்மூர் கம்பெனி நாடகங்களில் ராஜபார்ட் முன்னால் வந்து பாட, ரசிகர்கள் 'ஒன்ஸ் மோர்' கேட்க, செத்துக்கிடந்தவரே எழுந்து இன்னொரு தடவை பாடிவிட்டுச் செத்த கதைகளை தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். ஏறக்குறைய அந்த மாதிரி.

அந்த நூற்றாண்டின் கடைசியில் இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. மேடை என்பது ஒரு வீட்டின் அறை. அதன் நான்கு சுவர்களில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டோம். உள்ளே இருப்பவர்களுக்கு நாம் பார்ப்பது தெரியாது என்று வைத்துக்கொள்வோம். 'நான்காவது சுவர்' என்று சொல்லப்படுவது இதைத்தான். பாரிஸில் 1887இல் 'தியேத்ர் லீப்ர்' என்ற அரங்கத்தைத் தொடங்கிய ஆந்த்ரே ஆந்த்வான் இதில் ஒரு படி மேலே போனார். கசாப்புக் கடையில் நடக்கும் நாடகம் ஒன்றுக்கு, நிஜமான இறைச்சியையே மேடையில் தொங்கவிட்டார். முன்வரிசைக்காரர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிஜப் பொருளை மேடையில் வைத்தால் நடிப்பும் நிஜமாகிவிடுமா? ஆகாது. அதற்கு வேறொன்று வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு விஷயம். யதார்த்தம் என்பது நடிப்பின் பல வகைகளில் ஒன்று. மற்றவற்றைவிட உசத்தியானது என்று அர்த்தமில்லை. நம் தெருக்கூத்தில் நான்காவது சுவரும் கிடையாது, முதல் மூன்று சுவர்களும் கிடையாது. கட்டியக்காரன் ராஜாவிடமும் பேசுவான், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவரிடமும் பேசுவான். சென்னையில் 1977இல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, கூத்தின் உடல்மொழியையும் நவீன நாடகத்தையும் சேர்த்தே நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். சினிமாவில் அவர்கள் நடிப்பை 'அவ்ளோ இயல்பு' என்று நாம் பாராட்டுகிறோம். கூத்து கற்ற உடம்புக்கு யதார்த்தம் தடையில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

ஜரிகை ஆலை முதலாளி வீட்டுப் பையன்

யதார்த்த நடிப்புக்கு ஒரு பாடத்திட்டத்தையே உருவாக்கியவர் ரஷ்யாவின் கான்ஸ்டன்டின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. 1863இல் பிறந்தவர். இயற்பெயர் அலெக்செயெவ். தங்க, வெள்ளி ஜரிகை நூல் தயாரித்த பணக்காரக் குடும்பம். மேடையில் ஏறுவதற்காக வைத்துக்கொண்ட பெயர்தான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி.

1897இல் நாடக ஆசிரியர் நெமிரோவிச் டான்சென்கோவும் இவரும் மாஸ்கோவில் ஓர் உணவகத்தில் சந்தித்தார்கள். மதியம் தொடங்கிய பேச்சு மறுநாள் காலை வரை, 18 மணி நேரம் நீண்டது. அதன் விளைவு, 1898இல் மாஸ்கோ கலை அரங்கம்.

அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே மேடையேறியது அன்டன் செகாவின் 'கடற்புறா'. (சாண்டில்யன் நாவல் இல்லீங்க, இது வேற!) இரண்டு ஆண்டுகளுக்கு முன் பீட்டர்ஸ்பர்க்கில் இதே நாடகம் படுதோல்வி. செகாவ் நொந்துபோய், இனி நாடகமே எழுதப்போவதில்லை என்ற மனநிலைக்கு வந்திருந்தார். மாஸ்கோவில் அதே வசனங்கள்தான் பெரும் வெற்றி பெற்றன. இன்றைக்கும் அந்த அரங்கத்தின் சின்னம் கடற்புறாதான்.

மாறியது என்ன? செகாவின் மனிதர்கள் நினைப்பதைப் பேசுவதில்லை. வானிலை பற்றிப் பேசுவார்கள், சீட்டாடுவார்கள், டீ குடிப்பார்கள். மனதுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கும். வசனத்தை மட்டும் அழகாக ஒப்பித்தால் அந்த நாடகத்தில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அடியில் ஓடுவதை நடிக்க வேண்டும். அதற்கு, ஒவ்வொரு கணமும் அந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று நடிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரைச்சீலையில் தொலைந்த ஊசி

ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தன் பயிற்சிமுறையை ஒரு கற்பனை வகுப்பறையின் கதையாக எழுதினார். 1936இல் ஆங்கிலத்தில் வெளியான அந்தப் புத்தகம் இன்றும் உலகெங்கும் நாடக மாணவர்களின் கையில் இருக்கிறது. அதில் வரும் ஒரு பயிற்சியை மட்டும் புரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டியதுபோல.

ஒரு மாணவியிடம் ஆசிரியர் ஒரு சூழ்நிலையைக் கொடுக்கிறார். உனக்குப் பணம் இல்லை, தோழி ஒருத்தி தன் நகை ஊசியைக் கொடுத்து உதவுகிறாள், அதைத் திரைச்சீலையின் மடிப்பில் குத்தி வைத்திருக்கிறோம், போய் எடு. மாணவி மேடையில் பாய்கிறாள். தலையைப் பிடித்துக்கொள்கிறாள், நெஞ்சில் கை வைக்கிறாள், திரையைப் பிடித்து உலுக்குகிறாள், தவிக்கிறாள். தன் நடிப்பில் அவளுக்கே பெரிய திருப்தி. இறங்கி வந்ததும் ஆசிரியர் கேட்கிறார்: சரி, ஊசி எங்கே? அவள் அதைத் தேடவே மறந்திருந்தாள்.

ஆசிரியர் மறுபடி அனுப்புகிறார். ஊசி கிடைக்காவிட்டால் இந்தப் பள்ளியில் உனக்கு இடமில்லை என்கிறார். இப்போது அவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்கவே இல்லை. மடிப்பு மடிப்பாகத் தேடுகிறாள். கை நடுங்குகிறது. கிடைக்கவில்லை என்று தெரிய ஆரம்பித்ததும் பதற்றம் தானாக வருகிறது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற மாணவர்களுக்கும் பதறுகிறது.

முதல் தடவை அவள் தவிப்பை நடித்தாள். இரண்டாவது தடவை தேடினாள், தவிப்பு பின்னாலேயே வந்தது. 'சோகமா இரு', 'கோபமா பேசு' என்று இயக்குநர் சொன்னால் நடிகருக்குச் செய்வதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 'அவரை மிரட்டு', 'கெஞ்சு', 'அவர் தலைகுனியுற மாதிரி பண்ணு', 'கதவுகிட்ட போகவிடாம தடு' என்று சொன்னால் கிடைக்கிறது. நடிகருக்குப் பயன்படுவது வினைச்சொல்.

இதில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு ஞாபகம் வரலாம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் நான்கு நான்காகச் சொல்லிவிடுகிறது. அழுகைக்குச் சொல்லப்படும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்தது, இழந்தது, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்தது, இல்லாமை. அது செய்யுளுக்கான இலக்கணம், நடிப்புப் பாடம் கிடையாது. ஆனாலும் காரணம் இல்லாமல் கண்ணீர் மட்டும் தனியாக நிற்காது என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது.

'சாப்பிட்டியா?' - ஒரே கேள்வி, எத்தனை அர்த்தம்?

நடிப்பு வகுப்புகளில் அர்த்தம் குறிப்பாக எதுவும் இல்லாத சாதாரண வசனங்களைக் கொடுத்து, சூழலை மட்டும் மாற்றி மாற்றி நடிக்கச் சொல்வார்கள். நமக்கு அதற்குத் தோதான சொல் 'சாப்பிட்டியா?'

இரவு 12 மணி. வேலை போன விஷயத்தை வீட்டில் சொல்லாத மகன் கதவைத் திறந்து உள்ளே வருகிறான். விஷயம் ஏற்கெனவே தெரிந்துவிட்ட அம்மா, "சாப்பிட்டியா?" என்கிறார். அவருக்கு வேண்டியது, மகன் தானாக வாய் திறக்க வேண்டும். மகன் "ம்..." என்கிறான். அவனுக்கு வேண்டியது, எப்படியாவது தன் அறைக்குள் போய்விட வேண்டும். மேடையில் யாரும் கத்தவில்லை. ஆனால் அம்மா தட்டை எடுத்து வைப்பதும் மகன் செருப்பைக் கழற்றாமல் நிற்பதும் போதும், மோதல் தொடங்கியாச்சு.

இன்னொரு வீடு. கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்க வேண்டிய மகள், பேப்பர் படிக்கும் அப்பாவிடம், "சாப்பிட்டீங்களாப்பா?" என்கிறாள். அவளுக்கு வேண்டியது, அப்பாவின் மனநிலை இன்று எப்படி என்று தெரிவது. பேப்பரை இறக்காமலே, "எவ்வளவு?" என்கிறார் அப்பா.

இரண்டு காட்சியிலும் கேள்வி ஒன்றுதான். சொல்கிறவரின் தேவை மாறியதும் குரல், பார்வை, நிற்கும் தூரம் எல்லாம் மாறிவிடுகின்றன. யார், எங்கே, எப்போது, இதற்கு முன் என்ன நடந்தது என்ற விவரங்களை ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 'கொடுக்கப்பட்ட சூழல்' என்றார். 'இந்தச் சூழலில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று நடிகர் தன்னையே கேட்டுக்கொள்வதை 'மாய ஆல்' என்று சொல்லலாம். 'இருந்தால்' என்பதில் வரும் அந்த 'ஆல்'தான் மாயம்.

பழைய காயத்தைத் தோண்ட வேண்டுமா?

மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. காட்சிக்குத் தேவையான உணர்ச்சி வரவில்லை என்றால், சொந்த வாழ்க்கையில் நடந்த ஒரு துக்கத்தை நினைத்துக்கொண்டு அதை இங்கே கொண்டுவரலாம் என்ற ஒரு வழி உண்டு. 'உணர்வு நினைவு' என்பார்கள். ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே தொடக்கத்தில் இதில் நிறைய ஆர்வம் காட்டினார். 1923-24இல் மாஸ்கோ கலை அரங்கம் அமெரிக்காவில் நாடகங்கள் நடத்தியபோது இந்த யோசனைகளும் கூடவே கப்பலேறின. நியூயார்க்கில் 1931இல் உருவான 'குரூப் தியேட்டர்' குழுவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் இதையே பயிற்சியின் மையமாக்கினார். உலகம் 'மெத்தட்' என்று சொல்வது பெரும்பாலும் அவர் வழியைத்தான்.

அதே குழுவில் இருந்த நடிகை ஸ்டெல்லா அட்லருக்கு இது ஒத்துவரவில்லை. நடிப்பில் இருந்த சந்தோஷமே போய்விட்டதாக உணர்ந்தார். 1934இல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்து, சில வாரங்கள் அவரிடம் பயிற்சி எடுத்தார். அந்தப் பெரியவரோ அதற்குள் வெகுதூரம் நகர்ந்திருந்தார். சொந்தத் துக்கத்தைக் கிளறுவதைவிட, சூழலைக் கற்பனை செய்வதும் உடலால் ஒரு செயலைச் செய்வதும்தான் நம்பகமான வழி என்ற முடிவுக்கு வந்திருந்தார். அட்லர் ஊர் திரும்பி இதைச் சொன்னதும் குழுவுக்குள் பெரிய பிளவு. ஸ்ட்ராஸ்பெர்க் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை இன்றுவரை நடிப்புப் பள்ளிகளில் முடியவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம் அதிகம்? ஸ்ட்ராஸ்பெர்க் வழியில் வந்த பெரிய நடிகர்கள் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் 18, 19 வயது மாணவரிடம், பயிற்சி பெற்ற வழிகாட்டி யாரும் இல்லாமல், 'உங்க வீட்டுல யாராவது செத்ததை நினைச்சுக்கோ' என்று சொல்வது ஆபத்து. ஒருநாள் வேலை செய்யும். பத்தாவது காட்சியில் அதே நினைவு மரத்துப்போகும், அல்லது ஆளை உடைத்துப்போடும். அதைவிட முக்கியமாக, தன் பாட்டியை நினைத்து அழும் நடிகர், எதிரே நிற்கும் சக நடிகரைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். காட்சி அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. அட்லரிடம் பாடம் படித்தவர்தான் மார்லன் பிராண்டோ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

அதே பிராண்டோ நடித்த 'ஆன் தி வாட்டர்பிரன்ட்' (1954) படத்தில் ஒரு சின்ன விஷயம். பூங்காவில் நடந்துபோகும்போது ஈவா மேரி செயின்டின் கையுறை கீழே விழுகிறது. பிராண்டோ அதை எடுக்கிறார். திருப்பிக் கொடுக்காமல், பேசிக்கொண்டே தன் கையில் மாட்டிக்கொள்கிறார். அந்தப் பெண் போய்விட நினைக்கிறாள், ஆனால் கையுறை அவனிடம் இருக்கிறது. அவளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும் என்ற அவன் ஆசைக்கு வசனமே தேவைப்படவில்லை. எதிரில் என்ன நடக்கிறது என்று நிஜமாகவே பார்த்துக்கொண்டிருக்கும் நடிகருக்குத்தான் இப்படி ஒரு கையுறை கிடைக்கும்.

சரி, மோதல் என்றால் சண்டையா?

'கான்ஃபிளிக்ட் வேணும்' என்று சொன்னதும் மாணவர்கள் எழுதி எடுத்துவரும் குறுநாடகங்களில் பெரும்பாலும் இரண்டு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் கன்னத்தில் அறைவார். சத்தம் இருக்கும், மோதல் இருக்காது.

மோதலுக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒருவருக்கு ஒன்று தேவை. இன்னொருவரின் தேவை அதற்குக் குறுக்கே நிற்கிறது. இரண்டு பேராலும் அந்த இடத்தை விட்டு எழுந்து போக முடியாது. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுந்து போக முடியும் என்றால் போயிடலாமே, எதுக்கு நாடகம்?

இதற்கு உலக நாடகத்தில் ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' போல ஒரு நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது கஷ்டம். நார்வேக்காரரான இப்சன் எழுதிய இந்த நாடகம், 1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறியது. மொத்த நாடகமும் ஒரே வரவேற்பறையில், கிறிஸ்துமஸ் சமயத்தில் மூன்று நாட்களில் நடந்து முடிகிறது.

நோரா, டோர்வால்ட் தம்பதிக்கு மூன்று குழந்தைகள். டோர்வால்டுக்கு இப்போதுதான் வங்கி மேலாளர் பதவி கிடைத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டபோது, சிகிச்சைக்காக இத்தாலி போக நோரா அவருக்குத் தெரியாமல் கடன் வாங்கினாள். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம். எனவே ஜாமீனுக்குத் தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டாள். கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் ஒருநாள் வந்து அமைதியாகக் கேட்கிறான்: உங்க அப்பா செப்டம்பர் 29இல் இறந்துபோனார், பத்திரத்தில் கையெழுத்து அக்டோபர் 2இல் போடப்பட்டிருக்கிறதே, எப்படி?

பத்திரத்தில் இருக்கும் ஒரு தேதி ஒரு குடும்பத்தையே ஆட்டிவிடுகிறது. இதில் அறைவதற்கோ கத்துவதற்கோ ஒன்றும் இல்லை.

இப்போது ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று பாருங்கள். க்ரோக்ஸ்டாட் அதே வங்கியில் வேலை பார்ப்பவன். முன்பு அவன் செய்த குற்றமும் கையெழுத்து மோசடிதான். அதில் போன மரியாதையைப் பிள்ளைகளுக்காக மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டிருக்கிறான். டோர்வால்ட் அவனை வேலையைவிட்டுத் தூக்கப்போகிறார். 'என் வேலையைக் காப்பாற்று, இல்லையென்றால் உன் ரகசியம் வெளியே வரும்' என்பது அவன் நிலை. அவனை வெறும் வில்லனாக நடித்தால் நாடகம் சப்பென்று ஆகிவிடும். அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால்தான் அவன் பயங்கரமானவன்.

நோராவுக்கு ரகசியம் காக்கப்பட வேண்டும். டோர்வால்டுக்கு? க்ரோக்ஸ்டாடை ஏன் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நோரா கெஞ்சிக் கேட்கும்போது, அவர் சொல்லும் உண்மையான காரணம் வியப்பானது. மோசடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம். இளமைக்கால சிநேகிதன் என்ற உரிமையில், நாலு பேர் முன்னால் அவன் தன்னை 'வா, போ' என்று பேசுவதைத்தான் தாங்க முடியவில்லையாம்! கௌரவம்தான் அவருக்கு வேண்டியது. அந்த ஒரு பதிலில் கடைசிக் காட்சியின் விதை விழுந்துவிடுகிறது.

தபால் பெட்டியும் நடனமும்

க்ரோக்ஸ்டாட் எல்லாவற்றையும் எழுதிய கடிதத்தை டோர்வால்டின் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறான். பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி டோர்வால்டிடம் மட்டும். கடிதம் உள்ளே கிடப்பது நோராவுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் எழுந்து தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்.

அந்த நொடியில் நோரா பியானோவில் 'டாரன்டெல்லா' நடன இசையின் முதல் ஸ்வரங்களை வாசிக்கிறாள். நாளைய விருந்தில் ஆட வேண்டிய நடனம். எல்லாம் மறந்துபோச்சு, நீங்க இப்பவே சொல்லித்தரணும் என்று கணவனைப் பிடித்துக்கொள்கிறாள். அவர் மெதுவாக ஆடு என்கிறார். அவள் வேகமாக ஆடுகிறாள். கூந்தல் அவிழ்ந்து விழுகிறது. அவர் திருத்தத் திருத்த, இன்னும் கட்டுக்கடங்காமல் ஆடுகிறாள்.

இந்தக் காட்சி கிடைத்தால் பல மாணவிகள் 'பைத்தியம் பிடித்தாற்போல' ஆடிக் காட்டுவார்கள். திரைச்சீலையை உலுக்கிய மாணவி செய்த அதே தவறு. நோரா பைத்தியத்தை ஆடவில்லை. அவள் ஒரு மனிதரைக் கதவுப்பக்கம் போகவிடாமல் நிறுத்துகிறாள். ஒழுங்காக ஆடினால் அவர் 'நல்லாத்தானே ஆடுறே' என்று சொல்லிவிட்டுத் தபால் பெட்டிக்குப் போய்விடுவார். அதனால் மோசமாகத்தான் ஆட வேண்டும். அவர் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, கை பாக்கெட்டுக்குள் சாவியைத் தேடுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். இதைச் செய்யும் நடிகைக்கு, முகத்தில் பயத்தை எங்கே வைப்பது என்று யோசிக்க நேரமே இருக்காது.

டோர்வால்டாக நடிப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. அவருக்கு நிஜமாகவே தபால் வேண்டும். அவர் சும்மா நின்று நடனத்தை ரசித்தால் நோராவுக்குத் தடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். சக நடிகருக்குத் தடையைக் கொடுப்பதுதான் மேடையில் செய்யக்கூடிய பெரிய உதவி. அன்பினால் விட்டுக்கொடுத்தீங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே காட்சியைக் கவுத்துடுவீங்க.

அந்தப் பூட்டில் இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. மறுநாள் இரவு டோர்வால்ட் பெட்டியைத் திறக்கும்போது, அதில் உடைந்த கொண்டை ஊசி ஒன்று மாட்டியிருக்கிறது. நோராவுடையது. பிள்ளைங்க வேலையாக இருக்கும் என்று சமாளிக்கிறாள். அவள் தனியாக அந்தப் பூட்டை நோண்டியதை இப்சன் மேடையில் காட்டவே இல்லை. ஓர் ஊசி போதும் என்று விட்டுவிட்டார்.

ஒரு நடிகை மறுத்தபோது...

கடிதத்தைப் படித்ததும் டோர்வால்ட் வெடிக்கிறார். பிள்ளைகளை வளர்க்கும் தகுதியே உனக்கில்லை என்கிறார். சற்று நேரத்தில் பத்திரத்தைத் திருப்பி அனுப்பி இன்னொரு கடிதம் வருகிறது. உடனே, நான் தப்பித்தேன் என்று குதிக்கிறார். மனைவியை மன்னித்துவிட்டதாகவும் அறிவிக்கிறார். நோரா உள்ளே போய் நடன உடையை மாற்றிக்கொண்டு, அன்றாட உடையில் வருகிறாள். உட்காருங்கள், பேச வேண்டும் என்கிறாள். எட்டு வருட மணவாழ்க்கையில் இருவரும் உட்கார்ந்து பேசும் முதல் பேச்சு அது.

நாடகத்தின் மிகப் பெரிய மோதல் மேஜைக்கு இருபுறமும் இரண்டு நாற்காலிகளில், தணிந்த குரலில் நடக்கிறது. பேச்சின் முடிவில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு வெளியேறுகிறாள். கீழே வாசற்கதவு அடித்துச் சாத்தப்படும் சத்தம் கேட்கிறது. திரை.

1880இல் ஜெர்மனியில் இதை நடிக்க இருந்த புகழ்பெற்ற நடிகை ஹெட்விக் நீமான் ராபெ, நான் ஒருபோதும் என் குழந்தைகளை விட்டுப் போக மாட்டேன், எனவே இந்த முடிவை நடிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு யாராவது முடிவை மாற்றி எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் இப்சனே ஒரு மாற்று முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் டோர்வால்ட் நோராவைக் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப்போக, அவள் அங்கேயே தளர்ந்து விழுகிறாள். தன் நாடகத்தின் மீது நடந்த காட்டுமிராண்டித்தனம் என்றே இப்சன் அதைக் கருதினார். நாளடைவில் பழைய முடிவே நிலைத்தது.

அந்த நடிகையை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் கேட்டது நடிப்பின் அடிப்படைக் கேள்வி. 'இந்தச் சூழலில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று கேட்டார். 'போக மாட்டேன்' என்று பதில் வந்தது. விடுபட்டது, சூழலின் மீதிப் பாதி. நோரா வளர்ந்த வீடு எப்படிப்பட்டது? 'உனக்குத் தகுதியில்லை' என்று சற்றுமுன் கணவன் சொன்னது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? தனக்காகக் கணவன் பழியை ஏற்றுக்கொள்வான் என்று அவள் நம்பிக் காத்திருந்த அந்த அற்புதம் நடக்காமல் போன பிறகு, அந்த வீட்டில் அவள் யார்? 'நான்' என்பதை நோராவின் சூழல் முழுவதற்குள்ளும் கொண்டுபோய் நிறுத்தினால்தான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி சொன்ன 'ஆல்' வேலை செய்யும். நம் நியாயத்தைக் கதாபாத்திரத்தின் மேல் ஏற்றினால் நோரா போக மாட்டாள், நாம்தான் மேடையில் நிற்போம்.

அதோடு, போவது அவளுக்குச் சுலபம் என்று நடித்தாலும் தவறு. மூன்று குழந்தைகள் பக்கத்து அறையில் தூங்குகிறார்கள். அவர்களைப் பார்க்காமலே போக வேண்டும் என்று முடிவெடுக்கிறாள். பார்த்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரிந்திருக்கலாம். எதிரில் இருக்கும் கணவன் ஒரு தடை, உள்ளே இருக்கும் தாய் இன்னொரு தடை. இரண்டையும் மீறித்தான் அந்தக் கதவு வரை நடக்க வேண்டும்.

'எனக்கு வேலைக்காரி வேஷம்தான் சார்'

வகுப்பில் எல்லோருக்கும் நோரா கிடைக்காது. யாராவது ஒருவருக்கு வேலைக்காரி ஹெலனே கிடைக்கும். 'ரெண்டு மூணு டயலாக்தான்' என்று முகம் சுருங்கும்.

கடைசி அங்கத்தில், டோர்வால்ட் வெடித்துக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடிக்கிறது. இரவு வெகுநேரம். ஹெலனே பாதி உடுத்திய உடையோடு, தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, அம்மாவுக்கு ஒரு கடிதம் என்கிறாள். டோர்வால்ட் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறார். இந்தக் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றப்போகும் கடிதம் அது என்று அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு என்ன வேண்டும்? மறுபடி போய்ப் படுக்க வேண்டும், காலையில் சீக்கிரம் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியவள். ஆனால் உள்ளே இருந்து வந்த சத்தத்தை அவள் கேட்டிருப்பாள். நோராவுக்கு வந்த கடிதத்தை எஜமானர் பிடுங்கியதைப் பார்த்துவிட்டாள். நோரா விருந்து உடையிலேயே அசையாமல் நிற்பதும் கண்ணில் படுகிறது. 'என்னாச்சும்மா?' என்று கேட்க முடியாது. போகவும் மனம் வராது. போ என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

கதவருகே அவள் நிற்கும் அந்த இரண்டு நொடியில், கையில் இப்போது கடிதம் இல்லை. அந்தக் கையை அவள் என்ன செய்கிறாள் என்பதை ஒத்திகையில் கண்டுபிடிக்க வேண்டும்.